பழைய வண்டியில் மலைப் பயணம்: முதலில் பிரேக், பிறகுதான் விளக்கு

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பூச்சி, உரம், மானியம் பற்றியவை. இந்த முறை வந்த ஒரு கடிதம் மோட்டார் சைக்கிளைப் பற்றியது. வேளாண் பகுதியில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இன்று நம் வீடுகளில் மண்வெட்டிக்கு அடுத்தபடியாக அதிகம் உழைக்கும் கருவி மோட்டார் சைக்கிள்தான். தார்ச் சாலையில் சந்தைக்கும், வண்டிப் பாதையில் காட்டுக்கும் அதே வண்டிதான் போகிறது. அதனால் இந்த இதழில் அந்தக் கடிதத்துக்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

கேள்வி: "எங்களுக்கு நாமக்கல் மாவட்டத்தில் இரண்டரை ஏக்கர். மரவள்ளியும் கொஞ்சம் சின்ன வெங்காயமும் வைக்கிறோம். ஆறு வருடத்துக்கு முன் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் என் கணவர் விழுந்து, தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து அவரால் கடினமான வேலை செய்ய முடிவதில்லை. 23 வயது மகன்தான் எல்லாவற்றையும் பார்க்கிறான். அவன் 2012-ல் பதிவான பழைய ஹீரோ இம்பல்ஸ் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான். தை அறுவடை முடிந்ததும் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை, ஏற்காடு, ஜவ்வாது மலை என்று எட்டு நாள் சுற்றப் போகிறானாம். மிளகுத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும், சாமை விதை வைத்திருப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்கிறான். வண்டிக்காக 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறான். அதில் கூடுதல் விளக்கு, இரண்டு பக்கமும் பெட்டி, கம்பி கார்டு போடப் போகிறேன் என்கிறான். நான் போகாதே என்று சொல்வதா, போ என்று சொல்வதா?"

பதில்: சகோதரி, போகாதே என்று சொல்ல வேண்டாம். வண்டி தயாராகும் வரை போகாதே என்று சொல்லுங்கள். மற்ற விவசாயிகளின் தோட்டத்தைப் போய்ப் பார்ப்பதைப் போன்ற படிப்பு வேறில்லை. அந்த ஆசை இருக்கும் பிள்ளையைத் தடுக்கக் கூடாது. ஆனால் அந்த 15,000 ரூபாய் எந்த வரிசையில் செலவாகிறது என்பதில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

தம்பி தேர்ந்தெடுத்த வண்டி தவறானதல்ல. இம்பல்ஸ் 2011-ல் வந்தது. தரையிலிருந்து நல்ல உயரம், முன்னால் 19 அங்குலச் சக்கரம், ஸ்போக்ஸ் ரிம், நீளமான ஷாக் அப்சார்பர் என்று கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்பட்ட வண்டி. 150 சி.சி. இன்ஜின், அதே கம்பெனியின் மற்ற 150 சி.சி. வண்டிகளில் ஓடிய வகைதான். அதனால் இன்ஜின் சாமான்களுக்குப் பெரிய சிரமம் இராது. ஆனால் இந்த மாடலின் தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகின்றன. பாடி பாகங்களும் சஸ்பென்ஷன் பாகங்களும் தேடித்தான் வாங்க வேண்டும். எனவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். வயதையும் பார்க்க வேண்டும். 20,000 கி.மீ. மட்டுமே ஓடியிருந்தாலும் பத்துப் பன்னிரண்டு வருடமான வண்டியில் ரப்பர் எல்லாம் கிழடாகியிருக்கும். டயர், டியூப், பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய், ஆயில் சீல் ஆகியவை ஓடாமல் நின்றாலும் கெடும். விதை நெல் மூட்டையைப் பிரிக்காமலே வைத்திருந்தாலும் மூன்று வருடத்தில் முளைப்பு குறைந்துவிடுகிறதல்லவா, அதுபோலத்தான்.

முதல் செலவு: நிற்பதற்கு

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்கு சேலத்திலிருந்து 20. ஏறும்போது இன்ஜின் கஷ்டப்படும், இறங்கும்போது பிரேக் கஷ்டப்படும். ஏற முடியாவிட்டால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியும்.

முன் டிஸ்க் பிரேக்கில் இருக்கும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, லீவர் பஞ்சு போல் அமுங்கும். பிடித்தால் பிடிக்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இதை மாற்ற வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை. ஆயில் தொட்டியின் மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும். அதில் சொன்னதையே, புதிதாகப் பிரித்த டப்பாவிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸில் வெடிப்போ உப்பலோ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பேட் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பின் டிரம் பிரேக்கைத் திறந்து ஷூவைப் பார்த்து, உள்ளே சேர்ந்த தூசியைச் சுத்தம் செய்து, கேமுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைக்க வேண்டும். ஷூவில் கிரீஸ் படக் கூடாது.

வண்டி நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் நம் மலைப் பாதைகளில் இன்னும் நடக்கிறது. இதை மட்டும் தம்பியிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது செலவு: உருள்வதற்கும் திரும்புவதற்கும்

டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2214 என்றிருந்தால் 2014-ம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த டயரை மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். ரப்பர் கட்டியாகி, ஈரத் தார்ச் சாலையில் வழுக்கும். தார்ச் சாலையும் மண் பாதையும் கலந்த பயணத்துக்கு இரண்டுக்கும் நடுத்தரமான பட்டன் உள்ள டயரே போதும். பந்தயத்துக்கான பெரிய பட்டன் டயர் தார்ச் சாலையில் பிடிக்காது, சீக்கிரம் தேயவும் செய்யும்.

ஸ்போக்ஸ் சக்கரம் என்பதால் இதில் டியூப் டயர்தான். டயர் மாற்றும்போதே டியூபையும், ரிம்முக்குள் இருக்கும் ரப்பர் பட்டையையும் மாற்றுங்கள். ஒவ்வொரு ஸ்போக்ஸையும் ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று கேட்டால் இறுக்கம், 'டொக்' என்று கேட்டால் தளர்ச்சி. தளர்ந்தவை பல இருந்தால் ரிம் கோட்டம் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கண்டபடி நாமே முறுக்கினால் ரிம் வளைந்துவிடும்.

காற்று, கம்பெனி சொன்ன அளவு. கல்லும் மணலும் உள்ள பாதையில் மூன்று நான்கு பவுண்டு குறைத்தால் பிடிப்பு கூடும். அதற்கு மேல் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, இரண்டு பொத்தல் விழும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர்க்கின் கீழ்ப் பகுதியை இரு கைகளால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்றால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல் நின்றாலும் கோன் செட் போய்விட்டது என்றே பொருள். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருந்தால் பேரிங். பின்னால் சுவிங் ஆர்மையும் இதே போல் பாருங்கள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு இருந்தால் சீலையும் ஃபோர்க் ஆயிலையும் சேர்த்து மாற்ற வேண்டும். கசியும் எண்ணெய் வழிந்து டிஸ்க் பிரேக்கில் பட்டால் ஆபத்து.

செயினும் ஸ்பிராக்கெட்டும் ஒரே செட்டாக மாற்ற வேண்டியவை. ஸ்பிராக்கெட் பல் அரிவாள் நுனி போல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. புதுச் செயினை இறுக்கிக் கட்டக் கூடாது. இந்த வகை வண்டியில் பின் சக்கரம் அதிகம் மேலும் கீழும் போகும். ஆள் உட்கார்ந்த பிறகும் செயினில் தொய்வு இருக்க வேண்டும்.

மூன்றாவது செலவு: மூச்சுக்கும் பெட்ரோலுக்கும்

பவர் வீடர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். புழுதியில் உழைக்கும் இன்ஜினைக் கொல்வது ஏர் பில்டர்தான். பில்டர் பெட்டியின் மூடி, ரப்பர் வளையம், கார்புரேட்டருக்குப் போகும் குழாய் எல்லாம் வெடிப்பின்றி இருக்க வேண்டும். புதுப் பில்டர் போட்டு, பெட்டியில் ஓட்டை இருந்தால் பயனில்லை.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது நம் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வந்ததுதான். ஆனால் 2012-ல் செய்த வண்டியின் ரப்பர் பாகங்கள் அதை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் குழாய், கார்புரேட்டரின் ரப்பர் வளையங்கள், டேங்க் காக் வாஷர் ஆகியவற்றை மாற்றிவிட்டால் கவலை குறையும். இவற்றுக்கு அதிகச் செலவில்லை. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். டேங்க் மூடி ரப்பர் சரியாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்கக் கூடாது.

இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக், கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் ஆகியவற்றைப் புதிதாகப் போடுங்கள். பழைய கிளட்ச் கேபிள் இன்னும் நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் புதிய கேபிளின் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வைத்துவிடுங்கள். வழியில் ஒன்று அறுந்தால் இரண்டு முனையை மாட்டினால் போதும். கிளட்ச், பிரேக் லீவர்களின் கிளாம்ப் போல்ட்டை கையால் பலமாகத் தள்ளினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். வண்டி சாய்ந்தால் லீவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும்.

கடைசியில் மிஞ்சினால்: விளக்கும் பெட்டியும்

இவ்வளவும் செய்த பிறகு பணம் மிஞ்சினால் தம்பி கேட்டதைப் பார்க்கலாம். விளக்கு தேவைப்படாத நேரத்தில் ஓட்டுவதே நல்லது. மாலை ஐந்து மணிக்கு மேல் மலைப் பாதையில் வண்டி ஓடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் கூடுதல் விளக்கின் செலவே இல்லை. பழைய வயரிங்கில் ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் பெரிய விளக்கு மாட்டினால் பேட்டரி இறங்கும், வயர் உருகும்.

இரும்புப் பெட்டி வேண்டாம். விழுந்தால் கால் அதன் அடியில் மாட்டும். துணிப் பை போதும். கனமான சாமான் சீட்டுக்கு நெருக்கமாகவும் தாழ்வாகவும் இருக்கட்டும். வால் பக்கம் கேரியரில் கனத்தை ஏற்றினால் முன் சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் திரும்ப மறுக்கும். கம்பி கார்டுக்குப் பதில் இன்ஜின் அடியில் ஒரு தகடும், கைக்கு ஹேண்ட் கார்டும் பயன் தரும்.

நண்பனைப் பின்னால் ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஆள், எட்டு நாள் சாமான், 150 சி.சி. வண்டி. தார்ச் சாலையில் இது ஓடிவிடும். கல் பாதையில் இரண்டு ஆளோடு இறங்கக் கூடாது. பாதை மோசமானால் பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டும். நண்பன் தன் வண்டியில் தனியாக வந்தால் இன்னும் நல்லது. ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர் உதவிக்குப் போக ஒரு வண்டி இருக்கும்.

வெள்ளோட்டம்

வேலை முடிந்த மறுநாளே மலை ஏறக் கூடாது. புதுத் தேர் செய்தாலும் வெள்ளோட்டம் விட்டுத்தானே வடம் பிடிக்கிறோம்? புறப்படும் நாளில் ஏற்றும் அதே சாமானோடு, வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று நாளில் 200 கி.மீ. ஓட்டட்டும். பாதி தார்ச் சாலை, பாதி வண்டிப் பாதை. பிறகு எல்லா நட்டு போல்ட்டையும் ஸ்போக்ஸையும் மறுபடி இறுக்க வேண்டும். செயின் தொய்வையும் பார்க்க வேண்டும். இந்த 200 கி.மீ.க்குள் வராத பழுது பெரும்பாலும் வழியில் வராது.

வெள்ளோட்டத்தின்போதே தன் கையால் ஒரு முறை டயரைக் கழற்றி, டியூப் மாற்றி, பம்பால் காற்று அடித்துப் பழக வேண்டும். மலையில் பஞ்சர் கடை பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். இரண்டு டயர் லீவர், கை பம்பு, முன் சக்கர அளவில் ஒரு டியூப், ஒட்டும் சாமான், ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பேனர், ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், சில ஃபியூஸ், கட்டுக் கம்பி, டார்ச் இவை போதும். அவசரத்துக்கு முன் டியூபைப் பின் சக்கரத்திலும் போட்டு மெதுவாக ஊர் சேரலாம்.

ஓடையைக் கடக்கும் முன் நடந்து ஆழம் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் இன்ஜின் அணைந்துவிட்டால் உடனே செல்ஃப் அழுத்தக் கூடாது. பிளக்கைக் கழற்றித் தண்ணீர் வெளியேறிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கடந்த பிறகு பிரேக்கை லேசாகப் பிடித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் ஈரம் காயும்.

காகிதமும் காடும்

2012-ல் பதிவான வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதாவது 2027 வரை. அதற்குப் பின் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. தம்பியின் பெயருக்கு மாறியிருக்கிறதா? வாங்கிய 30 நாளுக்குள் தெரிவித்திருக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் அவர் பெயரில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் ஒரு விபத்து நடந்தால் இரண்டரை ஏக்கரும் பேச்சுக்கு வந்துவிடும். இருவருக்கும் கட்டாயம் ஹெல்மெட். கனமான பேண்ட்டும் கணுக்கால் மூடும் ஷூவும் வேண்டும்.

காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டி ஓட்டுவது குற்றம். தை, மாசியில் காட்டுத் தீ பயமும் உண்டு. பாதை தெரிகிறது என்பதற்காக உள்ளே போகக் கூடாது. ஊர்க்காரர்களைக் கேட்டு, ஊர்ப் பாதையில் மட்டும் போகச் சொல்லுங்கள்.

வேளாண் அலுவலர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிளகில் வாடல் நோய் மண்ணோடு பரவும். ஒரு தோட்டத்துச் சேறு ஒட்டிய டயரோடும் செருப்போடும் அடுத்த தோட்டத்துக்குள் நுழையக் கூடாது. வண்டியை வெளியே நிறுத்தி, காலைக் கழுவிவிட்டுப் போவதுதான் மரியாதை. ஆசையில் கொடி வெட்டி எடுத்து வரவும் வேண்டாம். நோயில்லாத நாற்றைத் தோட்டக்கலைப் பண்ணையில் வாங்கலாம்.

நீங்களே பார்க்க ஐந்து சோதனை

சகோதரி, புறப்படும் காலையில் நீங்களே இவற்றைப் பாருங்கள். மெக்கானிக் தேவையில்லை.

1. முன் பிரேக் லீவரை முழுப் பலத்தோடு பிடியுங்கள். கைப்பிடியைத் தொட்டால் பயணம் இல்லை.
2. டயர் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் எந்த வருடம் என்று பாருங்கள்.
3. முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் உலுக்குங்கள். 'டக்' என்ற சத்தம் வரக் கூடாது.
4. இரவு வண்டி நின்ற இடத்தில் எண்ணெயோ பெட்ரோலோ சொட்டியிருக்கிறதா?
5. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, உரிமம் நான்கும் கையில் இருக்கிறதா?

ஐந்தும் சரி என்றால் திருநீறு பூசி அனுப்பி வையுங்கள். தினமும் மாலை எந்த ஊரில் தங்கல் என்று ஒரு போன் வர வேண்டும். மலையில் எல்லா இடத்திலும் சிக்னல் இராது. அதனால் அடுத்த நாள் எந்தப் பாதை என்பதையும் முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு கேள்வி: "என்னிடம் இருப்பது சாதாரண 100 சி.சி. வண்டி. இதில் மலைப் பாதையில் போக முடியாதா?" — தர்மபுரி வாசகர்.

பதில்: ஐயா, மலை கிராமங்களில் பாதிப் பேர் ஓட்டுவது அந்த வண்டியைத்தான். மேலே சொன்ன பிரேக், டயர், கோன் செட், செயின் எல்லாம் அதற்கும் பொருந்தும். தரை உயரம் குறைவு என்பதால் பெரிய கல்லில் இன்ஜின் அடி இடிக்கும். மெதுவாக, தனி ஆளாக, சாமான் குறைத்து ஓட்டுங்கள்.

மற்றொரு கேள்வி: "உயரமான மலை வண்டி வாங்கினால் அதிலேயே 50 கிலோ உர மூட்டையும் ஏற்றலாமா?" — திருவண்ணாமலை மாவட்ட வாசகர்.

பதில்: பின் சீட்டில் ஒரு ஆள் உட்காரும் இடத்தில், நன்றாகக் கட்டி, தார்ச் சாலையில் ஒரு மூட்டை ஏற்றலாம். கேரியரின் வால் பக்கம் ஏற்றாதீர்கள். பழைய வண்டியில் சீட்டுக்கு அடியிலுள்ள கம்பிச் சட்டத்தின் வெல்டிங் விட்டுவிடும். உயரமான வண்டியில் கனமும் உயரத்தில் இருப்பதால் சேற்றில் சாய்ந்தால் தாங்க முடியாது. அந்த வேலைக்குத் தாழ்வான மொபெட்டே மேல்.

அடுத்த இதழில் மரவள்ளி மாவுப்பூச்சி பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். கேள்வி அனுப்புபவர்கள் மாவட்டம், மண் வகை, பயிரின் வயது மூன்றையும் தவறாமல் எழுதுங்கள்.